அலைவரிசை 614.250

மூன்றரை மணிக்கு ஹால் காலி.
ரிசீவரை மேசையில் வைத்து
இரண்டு ஏரியலையும்
மாட்டுக்கொம்பு மாதிரி விரித்துவிட்டேன்.
ஸ்கேன் போட்டதில் 614.250 சுத்தம்.
ஷிபின் மைக்கோடு
வாசல்வரை, கக்கூஸ்வரை, ரோட்டில் பாத்திரக்கடைவரை
ஒண்ணு ரெண்டு மூணு சொல்லிக்கொண்டே போனான்.
ஐந்து கோடும் பச்சை.
அவன் பழம்பொரி தின்பதுகூடக் கேட்டது.
கருங்கல் வானம் முழுக்க அப்போது எங்களுடையது.

ஐந்து மணிக்கு வந்தார்கள்,
ஏழு அண்டி ஆபீஸிலிருந்து,
மடக்கிய குடையில் தண்ணீர் சொட்டச் சொட்ட.
நாற்காலி தீர்ந்ததும் தரையில்.
மனித உடம்பு பாதிக்குமேல் தண்ணீர்,
அலையைக் குடித்துவிடும்.
ஒவ்வொரு வரிசை நிறையும்போதும்
ஒரு கோடு அணைந்தது.
கூட்டம் சேரச் சேரக் குரல் மெலியும்
என்பது எங்கள் தொழிலில் பழைய கணக்கு.
பேச வந்தவர்களிடம் அதைச் சொல்வதில்லை.

லீலாபாய் மைக்கை வாங்கினாள்.
வாங்கியதும் அடியைப் பொத்திப் பிடித்தாள்,
சரியாக ஏரியல் இருக்கிற இடத்தை.
இருபத்திரண்டு வருஷம் அண்டி தல்லின கை.
எண்ணெய் பட்டுக் கறுத்து, ரேகை தேய்ந்து,
ஆதார் மிஷினே
மூன்று தரம் திருப்பி அனுப்பிய கை.
"கூலி கூட்டித் தரணும்னு கேட்டா..."
கர்ர்ரென்று ஓர் இரைச்சல்.
பிறகு எங்கள் ஸ்பீக்கரில் கனத்த ஆண்குரல்:
"டி.என். எழுபத்தஞ்சு, வெள்ளை இன்னோவா,
வழியில நிக்குது, உடனே எடுக்கணும்."

ஹால் சிரித்தது. அவளும்தான்.
ரோட்டுக்கு அந்தப் பக்கம் கல்யாண மண்டபம்.
ராஜமோன் சாயங்காலம் செட்டு போட்டவன்
என் வரிசையிலேயே வந்து இறங்கியிருக்கிறான்.

ஸ்குவெல்ச்சை ஏற்றினேன்.
பின்பக்கம், குட்டி ஸ்க்ரூடிரைவர் நுழைகிற துளை.
ஏற்றினால் தூரத்துக் குரல் உள்ளே வராது.
மெலிந்த குரலும் வராது.
யாருடையது என்று அது பார்ப்பதில்லை.
இன்னோவாக்காரர் போனார்,
லீலாபாயின் பாதி வாக்கியமும் அவர்கூடப் போனது:
"பி.எஃப்... ஒன்பது மாச... எங்களுக்க..."
இறக்கினேன்.
குனிந்தபடியே மேடைக்கு ஓடி,
"அக்கா, அடியில பிடிக்காதிய, நடுவில பிடிங்க."
வறுத்த அண்டியைச் சூட்டோடு எடுக்கிறவள்போல
விரல்நுனியால் நடுவில் பிடித்தாள்.
மூன்று கோடு.
ரிசீவரைத் தூக்கி
தலைகளுக்கு மேலே ஜன்னல் திட்டில் வைத்தேன்.
நான்கு.

போன் அதிர்ந்தது. ராஜமோன்.
"எடே, இங்க அறிவிப்புக்காரரு மைக்க ஆஃப் பண்ணினா
உனக்க பொம்பிளை எனக்க ஸ்பீக்கர்ல பேசுது.
பந்தியில எல்லாரும்
கைய எலையில வச்சிட்டு அப்படியே இருக்காவ.
பெண்ணுக்க மாமன் ஆருன்னு தெரியுமா?
அண்டி ஆபீஸ் மொதலாளியாக்கும்.
சானல மாத்துடே."

மாற்றலாம்.
செட் பட்டனை மூன்று வினாடி அழுத்தி
புது எண்ணைத் தேடி
மைக்கிலும் அதையே ஏற்றவேண்டும்.
அதற்கு மைக் என் கைக்கு வரவேண்டும்.
"நீ மாத்தேன்," என்றேன்.
"நெறைய பட்டன் உண்டு உனக்க செட்டுல."
"மாத்தணும்னா அறிவிப்புக்காரரு மைக்கு வேணும்.
அவரு சாப்பிடப் போயிருக்காரு.
பையில போட்டுட்டுப் போயிருக்காரு."
"அப்ப ரெண்டு நிமிசம் பொறு."

கேபிளைச் சரிபார்க்கிறவன்போல
ஸ்டாண்டுக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.
நன்றாகவே இருந்த கேபிளைக்
கழற்றாமல் தடவிக்கொண்டிருந்தேன்.
மேலே அவள்
ஒரு கிலோ பருப்புக்கு எத்தனை அண்டி தல்லணும் என்று
எண்ணிக் காட்டிக்கொண்டிருந்தாள்.
ராஜமோனும் போனை வைக்கவில்லை.
அவன் பக்கத்திலிருந்தும் அதே எண்கள்,
ஒரு நூலளவு பிந்தி.

ஷிபின் வாசல்வரை போய்
எதிர்ப்பக்கம் காது கொடுத்துவிட்டு வந்தான்.
"பாயசம் விளம்புத சத்தங்கூட இல்லண்ணா."
மழை விட்டிருந்தது.
மைக் பேட்டரியில் இன்னும் இரண்டு கோடு.